நல்லி எலும்பும் சூயஸ் கால்வாயும்

என் சகலை வெற்றிசெல்வனைப் பற்றி நல்லவிதமாக எழுத என்னால் முடியாது. முடிந்தவரை நியாயமாக எழுதுகிறேன்.

என் மனைவி சொர்ணவல்லியின் தங்கை செல்வராணியைக் கட்டியவன் அவன். ஊர் நார்த்தாமலைக்குப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு சரக்குக் கப்பலில் நாலு வருடம் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தான். தொண்ணூற்றெட்டில் கப்பலை விட்டுவிட்டு வந்து, அன்னவாசலில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டான். இன்றைக்கும் அதே கடைதான். மோட்டார் எரிந்துபோய்க் கவலையோடு வரும் விவசாயியை ஒரு நாளுக்கு மேல் காக்கவைக்க மாட்டான். குடிக்க மாட்டான். யாரையும் ஒருமையில் பேச மாட்டான். அவனிடம் எனக்குப் பிடிக்காத குணங்கள் இவை.

நான் திருப்பதி. அறந்தாங்கி–திருச்சி வண்டியில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை.

மூத்த மாப்பிள்ளை என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் என் மாமியார் வீட்டுக் குலசாமி கோயிலில் கிடா வெட்டுவார்கள். பந்தியில் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. குழம்பிலிருந்து எடுக்கும் முதல் நல்லி எலும்பும் அந்த இலைக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மரியாதை எனக்கு நடந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டு ஆடியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த வெற்றிசெல்வன் வாயைத் திறந்தான்.

"சூயஸ் கால்வாயில மூணு தடவ போயிருக்கேன் அத்தை. ரெண்டு பக்கமும் மணலு. நடுவுல எங்க கப்பலு, தெருவுக்குள்ள தேரு வர்ற மாதிரி மெதுவா போகும். கரையில கழுத மேய்க்கிறவன் எங்களப் பாத்துக் கையாட்டுவான். அவன் சட்டையில ஒரு பித்தான் இல்லாததுகூடத் தெரியும். அம்புட்டுக் கிட்டக்க!"

வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டே வந்த என் அத்தை, கரண்டியோடு என் இலையைத் தாண்டிப் போய் நல்லியை அவன் இலையில் வைத்தார். அன்றைக்குப் போனதுதான். இருபத்தாறு வருடமாக அந்த எலும்பு என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? எலும்பைக்கூட விடுங்கள், கடையில் வாங்கித் தின்றுகொள்ளலாம். என் சொர்ணவல்லி தாடையில் கை வைத்துக்கொண்டு, ஆயிரம் தடவை கேட்ட கழுதைக்காரன் கதையை ஆயிரத்தோராவது தடவை கேட்பாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் வண்டியில் பிரசவமே நடந்திருக்கிறது. அதை நான் சொல்ல ஆரம்பித்தால், "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போவாள்.

இதற்கிடையில் இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஒரு ராட்சதக் கப்பல் அந்தக் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான். அன்னவாசலே அவன் கடை வாசலில் நின்றது. எங்கள் டெப்போ டிரைவர் ஒருத்தர் என்னிடமே வந்து, "ஒங்க சகலை நம்பர் குடுங்கண்ணே, சந்தேகம் ஒண்ணு கேக்கணும்" என்றார். கொடுத்தேன். கடைசி எண்ணை மாற்றிக் கொடுத்தேன்.

ரிட்டயர் ஆன மறுநாளே முடிவெடுத்தேன். சூயஸ் கால்வாயை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். போய்வந்து ஆடிப் பந்தியில் நான் பேச வேண்டும், சொர்ணவல்லி தாடையில் கை வைக்க வேண்டும்.

"காசி ராமேஸ்வரம்னு போற வயசுல வாய்க்கால் பாக்கப் போறாங்களாக்கும்" என்றாள் அவள். ஆனாலும் பாஸ்போர்ட்டுக்குக் கூடவே வந்தாள்.

திருச்சிக்குப் போகும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "ஏங்க, இம்புட்டுப் பெரிய மொட்டப்பாறையா இருக்கே, இது எந்த மலை?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. பின்சீட்டில் இருந்தவர்தான் நார்த்தாமலை என்றார். 'நார்த்தாமலையெல்லாம் எறங்கு' என்று எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன்! மலையைப் பார்த்ததில்லை. கண்டக்டருக்குக் கண் ஆள் மேலேயும் படிக்கட்டு மேலேயும்தான். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறந்தாங்கியில் ஒரு டிராவல்ஸில், ஐப்பசியில் கிளம்பும் எகிப்து எட்டு நாள் டூர் இருந்தது. அந்த ஆபீஸில் இருந்த காவ்யா என்ற பெண் பிரமிடு, மியூசியம், நைல் நதியில் படகு என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"கால்வாய் எங்கம்மா?"

"அத யாரும் கேக்க மாட்டாங்க சார்."

"நான் கேக்குறேன்."

பாவம், நாலு இடத்துக்கு போன் போட்டு விசாரித்தாள். கெய்ரோவிலிருந்து இஸ்மாயிலியா என்ற ஊருக்கு ஒரு நாள் வேன் ஏற்பாடு செய்யலாம், கரையில் நின்றே கப்பல் போவதைப் பார்க்கலாம் என்றாள். அன்றிலிருந்து தினமும் செல்போனில் கால்வாய் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். எந்த வீடியோவைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் கரை தெரிந்தது. இப்படியே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எனக்குப் பொறி தட்டியது.

வெற்றிசெல்வன் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ மாட்டியிருக்கும். கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பான். 'சூயஸில் நான்' என்று கீழே எழுதியிருக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் வெறும் தண்ணீர். கரை எங்கே?

அன்றைக்கே அன்னவாசலுக்கு பஸ் ஏறினேன். செல்வராணி காபி கலக்க உள்ளே போன நேரத்தில் போட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கரை இல்லை. அரை டிக்கெட்டுக்காகப் பிள்ளை வயசைக் குறைத்துச் சொல்லும் தாயை முகத்தை வைத்தே பிடிக்கிறவன் நான். இவனிடம் இருபத்தாறு வருடம் ஏமாந்திருக்கிறேன்! கோபம் வரவில்லை. மனசுக்குள் பாயசம் ஓடியது. யாரிடமும் மூச்சுவிடாமல் ஆடி வரைக்கும் பொத்திவைத்தேன்.

ஆடிப் பந்தி. எனக்கு முதல் இலை, அவனுக்கு இரண்டாவது. அத்தை கரண்டியோடு வந்தார். நான் குரலைக் கூட்டினேன்.

"சகல, ஒங்க வீட்டு ஹால்ல ஒரு போட்டோ இருக்குல்ல, அது சூயஸ் கால்வாயா?"

"ஆமாண்ணே."

"அப்ப கரை எங்க?"

பந்தியில் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தான்.

"அது கால்வா தாண்டுன பெறகு எடுத்ததுண்ணே. அப்பத்தான் மேல வரவிட்டாங்க." கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "கால்வாக்குள்ள போறப்ப இஞ்சின எந்த நேரம் நிறுத்தச் சொல்லுவாங்க, எந்த நேரம் ஓட்டச் சொல்லுவாங்கன்னு தெரியாது. எங்க கப்பல்ல கீழ ஆளும் கம்மி. மூணு தடவையும் நான் கீழதான் நின்னேன். அனலு. பக்கத்து ஆளு கத்துறதுகூடக் கேக்காது. சமையக்காரரு டீ கொண்டாந்து குடுத்துட்டு, காதுக்குள்ள வந்து சொல்லுவாரு. இப்ப மணலு, இப்ப ஒரு பள்ளிவாசலு, இப்ப கழுதக்காரன் கையாட்டுறான்னு. அவரு பாத்ததத்தான் நான் சொன்னேன் அத்தை. சொல்லிச் சொல்லி, நானே பாத்த மாதிரி ஆயிருச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க போறப்ப வீடியோ கால் போடுங்கண்ணே. நான் கடையச் சாத்திட்டு ஒக்காந்திருக்கேன்."

கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவன் நான். எனக்கு ஏதாவது கிடைத்ததா? அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்மையச் சொன்ன புள்ள" என்று நல்லியை அவன் இலையிலேயே வைத்தார், அதுவும் இரண்டு. சொர்ணவல்லி தூணோரம் தாடையில் கை வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னாலும் அவனுக்கு, உண்மை சொன்னாலும் அவனுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சொர்ணவல்லி என்னை விட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆலங்குடி தாண்டியதும் திரும்பி, "முப்பத்தோரு வருசம் போயிட்டு வந்த ரோட்டுல மலை இருக்குறது ஒங்களுக்குத் தெரியல. ஒங்கள யாராச்சும் பந்தியில வச்சுக் கேட்டாங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

 அந்த அனலில் நின்றுகொண்டு சமையல்காரன் வாயையே பார்த்திருப்பானே அந்தப் பயல், அது மனசை விட்டுப் போகவில்லை. கேவலமாக இருந்தது எனக்கு. பொறாமையும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

மறுநாள் காலை காவ்யாவுக்கு போன் செய்தேன்.

"ரெண்டு பேரு இல்லம்மா, நாலு பேரு. எஞ் சகலையும் அவரு வீட்டுக்காரம்மாவும் வாராங்க."

"சரிங்க சார். இஸ்மாயிலியா போற வேன்ல ஜன்னல் சீட்டு ஒங்களுக்குத்தான சொல்லியிருந்தீங்க, அப்படியே இருக்கட்டுமா?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"போறப்ப அவருக்குப் போடும்மா. திரும்பி வர்றப்ப எனக்கு."

போனை வைத்த பிறகுதான், போகும்போதுதானே கால்வாய் முதலில் கண்ணில் படும் என்பது உறைத்தது. அதை முதலில் பார்க்கப்போகிறவனும் அவன்தான். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிடவில்லை.