ஊசி வாரம், ஸ்ப்ரே வாரம்

உயிரைக் காப்பாற்றுகிறவர்களுக்காவது எப்போதாவது ஒரு நன்றி கிடைக்கும். எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கணக்கெடுக்கிற என் தொழிலில் திட்டு மட்டும்தான் கிடைக்கும். கையெழுத்துக் கேட்டும் போன் போட்டும் பிழைக்கிற என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் ஆராய்ச்சி நர்ஸ். வலிப்பு வந்தவருக்கு ஆம்புலன்ஸிலேயே ஊசி போடுவது நல்லதா, மூக்கில் ஸ்ப்ரே அடிப்பது நல்லதா என்பதுதான் ஆராய்ச்சி. இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற மருந்துகள். ஒரு வாரம் ஊசி, மறு வாரம் ஸ்ப்ரே. நோயாளி தெளிந்ததும், உங்கள் விவரத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பதும், ஒரு மாதம் கழித்து போனில் நலம் விசாரிப்பதும் என் வேலை. கேட்க எவ்வளவு சாதுவான வேலையாக இருக்கிறது பாருங்கள்!

சாவி கொடுத்த மகராசன்

மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் ரேவதிக்கு, ஷிப்ட் முடிந்து இரும்புலியூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வலிப்பு வந்துவிட்டது. நம் ஜனங்கள் உடனே ஆம்புலன்ஸையா கூப்பிடுவார்கள்? இரும்பைத்தான் தேடுவார்கள். ஒரு சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துவிட்டு, இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று கூட்டம் வேடிக்கை பார்த்திருக்கிறது. நிற்கவில்லை என்ற பிறகுதான் யாரோ ஒரு புண்ணியவான் போனை எடுத்திருக்கிறார்.

அது ஸ்ப்ரே வாரம். எங்கள் ஆம்புலன்ஸ் தாஸ் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து மருந்தை மூக்கருகே கொண்டுபோகும்போது, பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டியிருக்கிறார். சாவிக்குச் சொந்தக்காரர். அந்த மகராசன் சொன்னதை தாஸ் என்னிடம் அப்படியே சொன்னான்: "அண்ணா, மருந்து அப்பால அடிச்சுக்கலாம். மொதல்ல அந்தக் கையிலேர்ந்து என் வண்டி சாவிய எடுத்துக் குடு, டூட்டிக்கு லேட்டாவுது."

காலையில் சாப்பிடவில்லை

ரேவதி தெளிந்து உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம். மாத்திரையைத் தவறாமல் போட்டால் வராதாம், நைட் ஷிப்டில் கொஞ்சம் விட்டுப்போய்விட்டதாம். இனி ஒருநாளும் விடக் கூடாது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். ஆராய்ச்சிக்கு அவள் யோசிக்காமல் சம்மதித்தாள். தன்னைப் போல நடுரோட்டில் விழுகிறவர்களுக்கு உதவுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சந்தோஷம் அவள் அப்பா வரும்வரைதான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வெளியே தெரிந்தால் எல்லாம் போச்சு என்று பதறினார். இந்த விவரம் வெளியே போகாது என்று நான் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். மகள் நம்பரை எழுதப் போன என்னைத் தடுத்து, தன் நம்பரைக் கொடுத்தார். பிறகு என் காதருகே குனிந்து, "வலிப்புன்னு எழுதாதீங்க சிஸ்டர். காலைல சாப்பிடல, மயக்கம்னு போட்டுக்கோங்க. பொண்ணைப் பெத்தவங்களுக்குத்தான் தெரியும் அந்த வயித்தெரிச்சல்" என்றார்.

படித்தவர்

அப்பா படிக்காதவர், பயப்படுகிறார் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். மறு வாரமே அதற்கும் வேட்டு வைத்தார் ஒருவர். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் பேராசிரியர், வலிப்பு வந்த தம்பியோடு ஆம்புலன்ஸில் வந்திருந்தார். ஆராய்ச்சி எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார். ஆள் எடுக்கும் முறையைப் பாராட்டினார். இந்த நாட்டில் இப்படி நாலு பேர் செய்வதில்லையே என்று வருத்தப்பட்டார். சரி, ஒரு நல்ல மனுஷர் கிடைத்தார் என்று நான் பேனாவை நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்: "ரிசர்ச் ரொம்ப அவசியம் சிஸ்டர். ஆனா எங்க வீட்டு ஆளை விட்டுட்டுப் பண்ணுங்க."

நலம் விசாரித்த லட்சணம்

ஒரு மாதம் ஆனது. ரேவதியின் அப்பாவுக்கு போன் போட்டேன். ராங் நம்பர் என்றார். குரல் தெரியாதா எனக்கு? மறுபடி போட்டேன், கட் செய்தார். டாக்டரே போட்டார், அதையும் கட் செய்தார். ஆராய்ச்சி விதிப்படி "தொடர்பு கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம். மனசு கேட்கவில்லை. தாஸின் போனிலிருந்து போட்டு, ஆராய்ச்சி நாசமாய்ப் போகட்டும் சார், பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறாளா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

வந்த பதிலில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை: "மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து போற வீடும்மா இது. மாத்திரையெல்லாம் குப்பையில போட்டாச்சு. கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கலாம்."

முகூர்த்தப் புடவை

கல்யாணம் வரை வலிப்பு காத்திருக்குமா? தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் முகூர்த்தப் புடவை எடுக்கும்போது ரேவதி விழுந்தாள். அது ஊசி வாரம். உதறுகிற கையில் நரம்பு கிடைக்காமல் தாஸ் திண்டாடியிருக்கிறான். ஸ்ப்ரே வாரமாக இருந்திருக்கக் கூடாதா என்று முதல்முறையாக என் ஆராய்ச்சியையே சபித்தேன். எங்களிடம் வந்து சேரும்போது உதடு நீலம். டாக்டர் போராடித்தான் மீட்டார்.

அவள் மூச்சு சீரான பிறகு பார்க்கிறேன், கூடவே வந்த மாப்பிள்ளை கதிரிடம் அப்பா ஆரம்பித்துவிட்டார். கடையில் ஒரே புழுக்கம், பிள்ளை காலையில் சாப்பிடவில்லை, வெறும் மயக்கம். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணால் மிரட்டல் வேறு. நோயாளியின் ரகசியம், திறக்க எனக்கும் உரிமை இல்லை. கதிர் அவரை முழுக்கப் பேசவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே அவ எங்கிட்ட சொல்லிட்டா மாமா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க தூங்க மாட்டீங்கன்னு என் வாயையும் கட்டிப் போட்டுட்டா. மாத்திரைய யாருக்காக நிறுத்தினீங்க?"

ஊசியா ஸ்ப்ரேயா என்று எங்கள் ஆராய்ச்சி என்றைக்காவது சொல்லிவிடும். அப்பாக்களுக்கு என்ன மருந்து என்று ஆராய மட்டும் இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.