இட்டூப்பின் தோணியில் கல்யாணப்பெண்

அவுசேப்பின் வண்டிமாட்டுக்குக் கழுத்தில் நுகத்தடிப் புண். அவர் மாட்டைக் கரையில் கட்டிவிட்டுப் பைலியின் தோணியில் அக்கரை போனதும், இட்டூப்பு வந்து புண்ணில் மரோட்டி எண்ணெய் தடவிவிட்டுப் போவார். குளிக்க வந்த ஏலீஸ்வா அதைப் பார்த்திருக்கிறாள். அவுசேப்பு அவளுக்குப் பெரியப்பா. புண் ஆறியதும், "எல்லாம் நம்ம கைராசி!" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இட்டூப்பும் தோணிக்காரர்தான். உடம்பில் சொரணையில்லாத தேமல் கண்டதும் ஊரே அவர் தோணியிலிருந்து இறங்கிவிட்டது. தொழுநோய் ஆஸ்பத்திரியில் கிடந்து, மரோட்டிக் கொட்டையில் ஆட்டிய எண்ணெயை ஊசி ஊசியாக ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு ஊசியும் நெருப்பு. கர்த்தர் கிருபையால் சீக்குப் போயிற்று. மேனி திரும்பியது, சவாரி திரும்பவில்லை. துறையோரத்து மரோட்டி மரத்தில் தோணியைக் கட்டிப்போட்டு, தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பார்.

"யாருக்கு இறைக்கிறீரு, தவளைக்கா?" என்பான் பைலி.

"அதுவாவது ஏறுதே."

கல்யாணப்பெண்ணைத் தோணிக்காரர் கைப்பிடித்து ஏற்றித்தான் அக்கரைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ராசியான கையாகப் பார்த்துச் சொல்வார்கள். ஏலீஸ்வாவின் கல்யாணத்துக்குப் பைலிதான் தன் தோணியில் குருத்தோலை கட்டி நின்றான். அவளோ அவனைத் தாண்டி, மரோட்டியடிக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"வேண்டாம் மோளே, நல்ல நாளும் அதுவுமா..." இட்டூப்பு பின்வாங்கினார்.

"அடியே, அது மரத்துப்போன கைடி!" அவுசேப்பு கத்தினார்.

"அது அப்போ, பெரியப்பா. இப்போ கிள்ளிப் பாருங்க, எப்படிக் கத்துறாருன்னு!"

கரையே சிரித்தது.

"சேட்டா, குர்பானைப் பூசைக்கு நேரமாச்சு. பிடிக்கிறீங்களா, இல்ல நீந்தியே போகவா?"

இட்டூப்பு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தார். அவள் இறுகப் பற்றி உள்ளே இறங்கினாள். அடுத்து அவள் அம்மா ஏறினாள். பிறகு கொட்டுக்காரர்கள், சொந்தபந்தம் என்று, தோணி விளிம்புவரை தாழ்ந்துவிட்டது.

"ஓலைய மட்டும் வெச்சு நான் என்ன செய்ய?" பைலி தன் குருத்தோலையை அவிழ்த்து இட்டூப்பின் தோணி மூக்கில் கட்டினான். கரையில் தனியாக நின்ற அவுசேப்பு, "எனக்குக் கொஞ்சம் இடம் விடுங்கடா!" என்று வேட்டியை மடித்துக்கட்டி ஓடிவந்தார்.

மறுநாள் முதல் இட்டூப்புக்கு உட்கார நேரமில்லை.

சில வருஷம் கழித்து ஏலீஸ்வா புருஷன் பிள்ளைகளோடு மலபாருக்குக் குடிபெயர்ந்தாள். அக்கரையில் இறக்கிவிட்டு இட்டூப்பு சொன்னார்: "அங்க ஆறு இருக்கோ இல்லையோ, மோளே. எப்ப வந்தாலும் நேரா என் துறைக்கு வா. இப்பல்லாம் என் தோணியில இடம் பிடிக்க அடிதடி. ஒனக்கு மட்டும் ஒருத்தனத் தள்ளிவிட்டாவது இடம் தரேன்!"