அவன் நீக்கிய தூரங்கள்

ஜெர்மனியில் நண்பகல் ஆகிவிட்டால் நடைக்கூடத்தில் எதிர்ப்படுபவர்கள் எல்லாம் "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு நேரம் என்று பொருள்; ஆனால் வெறும் வணக்கம்தான். வந்த முதல் வாரம் என் ஆய்வகத்து யூர்கன் அப்படிச் சொன்னதும், சாப்பிடக் கூப்பிடுகிறான் என்று அவன் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்து, "ஏதாவது வேண்டுமா?" என்றான். எங்கள் கொல்லிமலையில் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தவர் ஒரு வாய் போடாமல் விடமாட்டார். அன்றைக்கே அவனை மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் வேலை ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது. எந்த அணுவுக்கு அருகில் எந்த அணு இருக்கிறது என்று என்.எம்.ஆர். கருவி காட்டும். அந்தத் தூர வரம்புகளைக் கொடுத்தால் மென்பொருள் பல மாதிரிகளைக் கட்டி, எந்த வரம்பு மீறப்பட்டது என்றும் சொல்லும். வரம்புகளைக் குறித்தவள் நான். மாதிரி கட்டியவன் யூர்கன். சில வரம்புகள் எல்லா மாதிரிகளிலும் மீறப்பட்டன. ஒன்றிரண்டில் மீறினால் தற்செயல். எல்லாவற்றிலும் மீறினால் காரணத்தைத் தேட வேண்டும். அவன் தேடவில்லை. அத்தனையையும் நீக்கிவிட்டு, "உன் பிழைகளைச் சுத்தம் செய்துவிட்டேன்" என்று பேராசிரியர் முன்னால் சொன்னான். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றார் அவர்.

நான் வாய் திறக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் மரவள்ளிக் காட்டின் எல்லைக்கல்லை உள்ளே தள்ளி நட்டபோது அம்மாவும் வாய் திறக்கவில்லை. ஊர் கூடிய அன்று கேட்டாள்: "ஏனுங்க மாமா, கல்லுக்குக் கால் மொளச்சிருச்சுங்களா? நட்ட கையே எடுத்து வெக்கட்டுங்க." அவரே சுமந்தார். உதவிக்கு வந்தவர்களை அம்மா விடவில்லை. "பாத்துங்க மாமா, இடுப்புப் புடிச்சுக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

நான் குறித்த ஒவ்வொரு சிக்னலையும் மறுபடி பார்த்தேன். எல்லாம் உண்மை. அந்தப் புரதம் தனியாக இல்லை. இரண்டு மூலக்கூறுகள் ஒட்டி இரட்டையாக இருக்கிறது. மீறிய தூரங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறவை. எடை பார்க்கும் சோதனையும் அதையே சொன்னது. இரட்டையாக வைத்துக் கணக்கிட்டேன். ஒரு மீறலும் இல்லை. ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லாமல் வாரக் கூட்டம் வரை காத்திருந்தேன்.

கூட்டத்தில் முடிவைக் காட்டிவிட்டு விசைப்பலகையை யூர்கன் பக்கம் தள்ளினேன்.

"நீக்கியது நீ. நீயே திரும்பச் சேர்."

"இப்போதா?"

"இப்போதுதான்."

அணுக்களின் பெயர்களை மெதுவாக வாசித்தேன். அவன் தட்டினான். கழுத்து சிவந்தது. ஓர் எண்ணைத் தவறாக அடித்தான், திருத்தச் சொன்னேன். பேராசிரியர் "போதும்" என்றார். "இன்னும் இருக்கிறது" என்றேன். ஒப்பந்தம் அந்த வாரமே கையெழுத்தானது. யூர்கனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

யூர்கன் செய்ததையும் நான் செய்யப்போவதையும் அம்மாவிடம் முந்தைய ஞாயிறே சொல்லியிருந்தேன். இந்த ஞாயிறும் எங்கள் மலையில், சோளக்காடு பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்தில் காத்திருந்தாள்.

"அவனையே எடுத்து வெக்க வெச்சயா கண்ணு?"

"ஆமாம்மா."

"மூஞ்சி சுண்டிருச்சா?"

"செக்கச் செவேல்னு ஆயிருச்சு."

சிரித்து ஓய்ந்து, "செயிச்சாச்சல்ல, ஊட்டுக்கு வந்துரு சாமி" என்றாள். அவளுக்குப் பின்னால் பஸ் உறுமியது. கண்டக்டர் "நாமக்கல், நாமக்கல்" என்று கத்தினார். ரிசீவரைத் தோளில் இடுக்கியிருந்தேன். பஸ் ஏறப் போவது போல என் இடது கை தானாகக் காலடிப் பையைத் தூக்கியது. வலது கை, கோட்டுக்குள் ஆய்வகச் சாவியை இறுகப் பிடித்திருந்தது.