மூன்றாவது கணினி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் மகளைச் சர்ச்சுக்கு அழைத்துப் போயிருந்தார். ஒத்தக்கடை வீட்டின் மாடியறையில் லேப்டாப்போடு நான் மட்டும் இருந்தேன். மதுரையில் ஒரு மருத்துவமனையின் மென்பொருளை எங்கள் சிறிய கம்பெனிதான் பார்த்துக்கொள்கிறது. நோயாளிப் பதிவு, மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் கன்டெய்னர் எனப்படும் தனித்தனி மென்பொருள் பெட்டிகளாகப் பல கணினிகளில் ஓடும். ஏதாவது ஒன்று விழுந்தால் தூக்கி நிறுத்த ஒரு மேலாண்மைக் கருவி உண்டு. அந்தக் கருவி மூன்று கணினிகளில் இருந்தது. அதன் புதிய பதிப்பை ஏற்றுவதுதான் அன்று என் வேலை. வழக்கமாக அதைச் செய்யும் சீனியர் உசிலம்பட்டியில் தங்கையின் வளைகாப்பில் இருந்தார்.

முதல் கணினி நல்லபடியாக மாறியது. இரண்டாவது அணைந்தது, திரும்ப வரவில்லை. மூன்றில் இரண்டு இருந்தால் போதும், கருவி வேலை செய்யும். அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று நிற்பதைப் பார்க்கப் பார்க்கப் பயம் ஏறியது. யோசிக்காமல் மூன்றாவதையும் மாற்றினேன். அதுவும் வரவில்லை.

ஓடிக்கொண்டிருந்தவை ஓடின. விழுந்தால் எழுப்ப ஆளில்லை, அவ்வளவுதான். எது முதலில் விழும் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் லேப் ரிப்போர்ட் விழுந்தது. உடனே மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரிப்போர்ட்டு ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. ஆக்சிடென்ட் கேஸு, தியேட்டர்ல படுத்துருக்காரு. ரத்த குரூப்பு என்னன்னு பாக்கணும்."

நெட்வொர்க் கோளாறு என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"அக்கா, நான்தான் சாஃப்ட்வேர மாத்துறப்ப நிப்பாட்டிட்டேன். எப்ப வரும்னு தெரியல. லேப்ல நேரா கேட்டுருங்கக்கா."

அவர் திட்டவில்லை. பட்டென்று போனை வைத்தார். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

சீனியரைக் கூப்பிட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணே, மூணுல ரெண்டு போச்சுண்ணே."

"பதறாதம்மா. லாக்ல என்ன போட்டுருக்கு? வாசிச்சியா?"

வாசிக்கவில்லை. அத்தனை நேரமும் திரையில் அந்தப் பிழைப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதில் எழுதியிருந்ததை வாசிக்கவே இல்லை. அவருக்கு வாசித்துக் காட்டினேன். பழைய செட்டிங்ஸ் கோப்பில் இருக்கும் ஒரு வரியைப் புதிய பதிப்பு ஏற்காது என்று தெளிவாகவே இருந்தது. முதல் கணினி சமீபத்தில் நிறுவியது. அதில் அந்த வரி இல்லை. மற்ற இரண்டிலும் அழித்தேன். இரண்டாவது எழுந்தது, பிறகு மூன்றாவது. லேப் ரிப்போர்ட்டும் தானாக வந்தது.

மாலை நானே நர்ஸைக் கூப்பிட்டேன். ரத்தம் ஏற்றியாகிவிட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார் என்றார். லேபுக்கு ஒருவரை ஓடவிட்டு எழுதி வாங்கிவந்தார்களாம்.

திங்கட்கிழமை மேலாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "மூணாவதை ஏன் தொட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பயத்தில் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அந்த மருத்துவமனைக்குப் போனேன். மூன்று வருடமாக அதன் மென்பொருளைப் பார்க்கிறேன். உள்ளே நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. லேப் கவுன்டர் முன்னால் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு மேலூர்ப் பக்கத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்துத்தான் போனேன். குறையவில்லை.