நாலும்தான் மாத்தணும்

தாம்பரத்துக்கு வாழ வந்து இத்தனை வருஷம் ஆகியும், அவசரத்தில் காரை நான் ‘காடி’ என்றுதான் சொல்கிறேன். ஈப்போவில் எங்களுக்குக் கார் என்றால் காடி, மெக்கானிக் என்றால் போமன். இங்கே காடி என்றால் சிலுவையில் தொங்கியவருக்குக் கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுத்த புளிப்பு. கல்யாணமான புதிதில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாமியாரைப் பார்த்து, “வாங்கத்தை, காடியில ஏறுங்க” என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். சர்ச் வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே மொழி பேசும் ஊருக்குத்தானே போகிறாய், உனக்கென்ன கஷ்டம் என்று மலேசியாவில் என்னை வழியனுப்பியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வேறு மொழியாக இருந்தால் தெரியாது என்று சும்மா இருந்துவிடலாம். ஒரே மொழியில் நாம் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அந்தக் கார் என் கணவர் ஜெபராஜுடையது. நீல நிறம். நாலு சக்கரத்துக்கும் என்ஜினின் விசை போகும். லேசாக மிதித்தாலே சீறும். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்துத் திரும்பியவர், பழைய வண்டியாகத் தேடிப் பிடித்து ஆசையாக வாங்கினார். போன வருஷம் மாரடைப்பில் அவர் போனபிறகு, செம்பாக்கம் வீட்டு போர்ட்டிகோவில் உறை போர்த்தி அது சும்மாவே நின்றது. பிறகு ஒருநாள் உறையை உருவிப் போட்டுவிட்டு, பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு அதிலேயே போகத் தொடங்கினேன். அண்டை வீட்டார் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில், வேளச்சேரி சாலையில் தண்ணீருக்கடியில் கிடந்த பள்ளம் முன்பக்க இடது டயரைக் கிழித்தது. ஓரச்சுவரே பிளந்துவிட்டதால் ஒட்டுப் போட வழியில்லை. கொழுந்தன் சாமுக்கு போன் செய்தேன். அவன் வந்து, காரை ஏற்றிப்போகும் வண்டியையும் பிடித்துக் கொடுத்து, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடைக்குக் கூட்டிப்போனான்.

“போமன் இருக்காரா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டேன்.

“ஃபோர்மேன்லாம் ஃபேக்டரிலதான் கீறாருக்கா. இது என் கடை. இன்னா ஆச்சு?” என்று கேட்ட கடைக்காரர், பதிலுக்கு என்னைப் பார்க்காமல் சாமைப் பார்த்தார். “சார், ஒண்ணு மாத்துனா போதும். வேற கம்பெனி டயர், அதே சைஸு கீது. இப்பவே போட்டு வுட்டுர்றேன்.”

“மத்த மூணு டயர்லயும் வரிப்பள்ளம் இன்னும் எவ்வளவு ஆழம் இருக்குன்னு அளந்து பாருங்க” என்றேன்.

அளந்தார். மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன.

“அப்ப நாலும்தான் மாத்தணும்” என்றேன்.

இது வீம்பு இல்லை. புது டயர் சற்றுப் பெரிது, தேய்ந்தது சற்றுச் சிறிது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. இந்த மாதிரி வண்டியில் விசையை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் பாகம், அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளித்துச் சூடேறி, ஒருநாள் பாழாகிவிடும். ஈப்போவில் நான் வேலை பார்த்ததே ஒரு டயர் கடையின் முன்மேசையில்தான். கம்பெனிக் காரில் ஆணி ஏறி வந்து நின்ற ஜெபராஜை அங்கேதான் முதலில் பார்த்தேன். “காடி எங்க நிக்குது?” என்றேன். ஏதோ கெட்டுப்போன சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறேன் என்று விழித்தார். அர்த்தம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில்தான் நான் கடல் தாண்டி வந்தேன்.

சாம் என்னைத் தனியே கூப்பிட்டான். “அண்ணி, விக்கப்போற வண்டிக்கு எதுக்கு நாலு டயர்? சனிக்கிழமை ஒரு பார்ட்டி பாக்க வராரு. ஒண்ணை மாட்டி நிறுத்துவோம். வாங்குனப்புறம் அது அவர் பாடு.”

“விக்கிறதா யார் சொன்னா?”

அவன் தரையைப் பார்த்தான். “அண்ணனே இல்ல. நீங்க மட்டும் இங்க இருந்து என்ன பண்ணப்போறீங்க? அங்க உங்கம்மா தனியா இருக்காங்க. நீங்க ஊருக்குப் போயிடுறதுதான் நல்லதுன்னு வீட்ல பேசிக்கிட்டோம்.”

சாம் கெட்டவன் இல்லை. அண்ணனின் அடக்கத்தன்று ஓடி ஓடி எல்லாம் செய்தவன். ஆனால் என்னைப் பற்றி, என்னை வைத்துக்கொள்ளாமல் ஒரு வீடே பேசி முடித்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“தம்பி, இன்னொருத்தர் தலையில ஓட்டை வண்டியைக் கட்டுறதுக்கு உங்க அண்ணன் ஒத்துக்க மாட்டார். நானும் மாட்டேன். விக்கவும் மாட்டேன். போகணும்னு எனக்குத் தோணுனா நானே சொல்லிட்டுப் போவேன்.”

கடைக்காரரிடம் திரும்பி, “நாலுக்கும் சொல்லிடுங்கண்ணா” என்றேன். அவர் இந்தமுறை சாமைப் பார்க்கவில்லை. “வெளியூர்லேர்ந்து வரணும்க்கா, லேட்டாவும்” என்றார். ஆகட்டும் என்றேன். அதுவரை கூட்ட ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வந்தேன்.

வேண்டாம் என்று சொல்லியும் சனிக்கிழமை அந்த மனிதரைச் சாம் கூட்டிவந்துவிட்டான். வண்டி இன்னும் டயர் கடையில் நின்றதால் போர்ட்டிகோ காலியாக இருந்தது.

“வண்டி விக்கிறதுக்கு இல்லைங்க” என்றேன்.

“இவ்ளோ பவர் வச்ச வண்டி லேடீஸுக்கு எதுக்கும்மா?”

“ஓட்டத்தான்.”

அவருக்குக் காபி கொண்டுவந்த மாமியார் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, இவ்வளவு நேரம் நடந்த எதையுமே கேட்காதவர்போல என்னிடம் கேட்டார்: “ஞாயித்துக்கிழமைக்குள்ள டயர் வந்துருமா? ஆட்டோவுல ஏறி எறங்க முட்டி வலிக்குது.”

சாம் அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். விற்கிற பேச்சை இன்றுவரை எடுக்கவில்லை.

டயர் வந்து சேர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஜிஎஸ்டி ரோட்டில் ஏறினேன். பொத்தேரி தாண்டி, கூடுவாஞ்சேரி வரை சும்மாவே போனேன். நாலு சக்கரமும் ஒரே சீராக உருண்டன. வெயில் கண்ணைப் பறித்தது. அப்போது ஈப்போவிலிருந்து அம்மா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்க இருக்கம்மா? இங்க மழை கொட்டுது. நான் பேசுறது கேக்குதா?”

அம்மா வீட்டுத் தகரக் கூரையில் விழும் மழையின் சத்தம் கார் முழுக்க நிறைந்தது. என் கை தானாகப் போய் வைப்பரைத் தட்டிவிட்டது. ஒரு சொட்டு ஈரமில்லாத கண்ணாடியில் அது கரகரவென்று தேய்த்துக்கொண்டு போய்வந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்குக்காரர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அதை நிறுத்தவில்லை. அம்மா பேசி முடிக்கும்வரை ஓடட்டும் என்று விட்டிருந்தேன்.