டிகாஷன் கோட்டில் வெட்டிய கூம்பு

தேயிலைச் செடிகளுக்குள் யாரும் இறங்குமுன் எஸ்டேட் காவலர் தகரம் தட்டிப் பார்த்து, காட்டெருமை இல்லை என்று சொல்ல வேண்டும். கோத்தகிரியில் எங்கள் வீடுகளை ஒட்டிய எஸ்டேட்டின் வாசல் பலகையில் முதல் விதி இது. அதை மீறி எடுக்கப்போன அட்டைக் கூம்பு என் மேசைமேல் இருக்கிறது. அடிவாயில் தேயிலைக் கறை. ஒரு பக்கம் குளம்பு மிதித்து நசுங்கியிருக்கிறது.

செய்தவர் எதிர்வீட்டு மாஸ்டர். இயற்பியல் ஆசிரியராக ஓய்வுபெற்றபோது பிரம்பைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார், கோபத்தை விடவில்லை. மாதிரி ராக்கெட் செய்வதிலும் அதே கோபம்தான். பெரிய குழாயின் இருபுறமும் சிறு குழாய்கள். அவற்றின் தலையில் நேர்க்கூம்பு வைத்த முதல் ராக்கெட், இடுக்கில் காற்று புகுந்து முறுக்கிக்கொண்டு தரையில் மோதிச் சிதறியது. மிச்சத்தை மிதித்தே தூளாக்கினார். பிறகு, பெரிய குழாயோடு சாய்ந்து படியும் கூம்புகளில் இறங்கினார். அட்டையைச் சுருட்டி ஒட்டி, வேண்டிய சாய்வில் பிடித்து, தட்டில் ஊற்றிய தேயிலை டிகாஷனில் ஒரு கணம் முக்கி எடுப்பார். நனைந்த கோடுதான் வெட்டுக்கோடு. மயிரிழை பிசகினாலும் கூம்பு கைக்குள் நொறுங்கும். கத்தி சுவரில் போய் மோதும். விரல்களில் எப்போதும் ரத்தம் ஊறிய கட்டு.

"கோணலாத்தானே வேணும்னீங்க மாஸ்டர்? இது கோணலாத்தானே இருக்குது?" என்பேன்.

"இது உங்க ஆபீஸ் கோணல் இல்லீங்க சார். கணக்குப்படி இருக்கோணும்!"

தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். ராக்கெட் விடும் நாளுக்கு ஒரு காவலரை அனுப்பக் கேட்டு எஸ்டேட் அலுவலகத்துக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். நினைவூட்டலும் எழுதினேன். பதில் இல்லை. இரண்டு கூம்புகளும் இடுக்கில்லாமல் படிந்த அன்று மாஸ்டரின் பொறுமை தீர்ந்தது.

"பதில் வரட்டுங்க" என்றேன்.

"ஏனுங்க சார், உங்க ரூலைக் காட்டெருமை படிச்சிருக்குதுங்களா?"

"அது படிக்காதுங்கிறதாலதான் நாம படிக்கோணுமுங்க."

ராக்கெட் நூல் பிடித்தாற்போல் ஏறியது. மாஸ்டர் கைதட்டிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பாராசூட் குடை விரித்து இறங்கியதைக் காற்று தேயிலைக்குள் தள்ளியது. "பனியில கூம்பு ஊறிருமுங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். செடிகளுக்கு நடுவே கரிய முதுகு ஒன்று எழுந்தது. கொம்பு விலாவுக்குக் கீழே நுழைந்து தூக்கியது. செடிகளுக்கு மேலே ஒருமுறை அவர் முழுதாகத் தெரிந்தார். விழுந்தவரை அது மறுபடி குத்தியது. ஏவுமேடையில் நெருப்பு தாங்க வைத்திருந்த தகரத்தைப் பிடுங்கிக் கல்லால் அடித்தேன். உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. விதியில் சொன்ன அதே தகரம்தான், வரிசைதான் மாறிவிட்டது. காட்டெருமை அவசரமின்றி விலகிப் போனபோது மாஸ்டர் குடல் சரிந்து கிடந்தார். ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் சேருமுன் எல்லாம் முடிந்தது.

கூம்பின் நசுங்காத பக்கத்தில் விரல் வைத்துப் பார்க்கிறேன். டிகாஷன் கோட்டை விட்டு வெட்டு எங்கும் விலகவில்லை. அதனடியில் எஸ்டேட் அலுவலகத்தின் பதில் இருக்கிறது: காவலர் அனுப்பப்படுவார், தேதியை முன்கூட்டியே தெரிவிக்கவும். அது வந்து சேர்ந்தது, தேவாலயத்தில் மாஸ்டரின் முப்பதாம் நாள் பூசை நடந்த அன்று.