முப்பத்தைந்து முடியாதவர்

2017 ஏப்ரல் 3: விலை 40,00,000. முன்பணம் 8,00,000. சேமிப்பு 1,10,000.
2019 ஏப்ரல் 1: விலை 52,00,000. முன்பணம் 10,40,000. சேமிப்பு 4,35,000.
2021 ஏப்ரல் 5: விலை 63,00,000. முன்பணம் 12,60,000. சேமிப்பு 7,90,000.
2023 ஏப்ரல் 3: விலை 71,00,000. முன்பணம் 14,20,000. சேமிப்பு 11,65,000.
2024 செப்டம்பர் 2: விலை 74,00,000. முன்பணம் 14,80,000. சேமிப்பு 14,86,500.

விலை, நகர வீட்டு வாரியத்தின் நானூற்றிருபது சதுர அடி வீட்டுக்கு. சேமிப்பு, லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுடையது. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால் போதும் என்பது இளைஞர் திட்டம். மற்றவர்கள் பாதியைக் கட்ட வேண்டும். ஏழு வருடம் ஐந்து மாதம் அவன் ஓட, விலையும் கூடவே ஓடியது. கடைசி வரியில்தான் 6,500 முந்தினான்.

தினமும் இருபத்தெட்டு மாடி ஏறி இறங்குபவனுக்கு வாடகைக்கு வாய்த்தது பதினொன்றுக்குப் பதின்மூன்று அடி அறை. அலமாரியின் முதுகுதான் அங்கே சமையலறைச் சுவர். அப்பாவின் மடக்குக் கட்டிலை விரித்துவிட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோ ஏறினா நான் கடையிலயே படுத்துக்க வேண்டியதுதான்" என்பாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி.

செப்டம்பர் 2 அன்று அரை நாள் விடுப்பில் வாரியத்துக்குப் போனான். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு முடிஞ்சு பத்தொன்பது நாள் ஆச்சு. நீங்க இளைஞர் இல்ல."

"மேடம், நிஜ வயசு முப்பத்துநாலுதான். ஸ்கூல்ல சேர்க்கறப்ப அப்பா ஒரு வருஷம் கூட்டிப் போட்டுட்டார்."

"இங்க வர்ற எல்லார் அப்பாவும் கூட்டித்தான் போட்டிருக்காங்க. எழுத்துல கொண்டு வாங்க."

எழுத்து என்றால் இரண்டு: மருத்துவமனைப் பிறப்புப் பதிவு, தான் சொன்ன வயது தவறு என்று அப்பாவின் உறுதிமொழிப் பத்திரம். நிஜமான முப்பத்தைந்து முடிய, 2025 ஆகஸ்ட் 14 வரை அவகாசம். முதலாவது நாலே நாளில் கிடைத்தது. இரண்டாவது வீட்டிலேயே இருந்தும் கிடைக்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

"முப்பத்தொரு வருஷம் பையில ஒரு காசு குறையாம கட்டினவன்டா நான். பொய் சொன்னேன்னு பத்திரத்துல கையெழுத்துப் போடணுமா?"

"சொன்னீங்கல்லப்பா?"

"நாலு வயசுல நீ வீட்ல இருந்த ரேடியோவைப் பிரிச்சுப் போட்ட. உன்னை ஸ்கூல்ல தள்ளலேன்னா வீடே மிஞ்சியிருக்காது."

"அதே வருஷம் பஸ்ல மூணு வயசுன்னு சொல்லி டிக்கெட் எடுக்காம கூட்டிட்டுப் போனீங்க."

"அங்க ஒண்ணு குறைச்சேன், இங்க ஒண்ணு கூட்டினேன். சராசரி சரியாத்தானே இருக்கு?"

ஏழு வாரம் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"மாமா, பொய்யின்னே எழுத வேணாம். கணக்குல ஒரு வருஷம் கூடுதலாப் போயிடுச்சு, இப்ப நேர் பண்றேன்னு எழுதுங்க."

கணக்கு என்ற சொல்லுக்கு அவர் மனம் இளகியது. அக்டோபர் 21 அன்று கையெழுத்துப் போட்டார். போடுமுன் மூன்று முறை படித்தார். வயதைத் திருத்தக் கோரிய மனு, ஒரு மேசையில் எழுத்துப்பிழை என்று திரும்பி, இன்னொரு மேசையில் ஆள் விடுப்பு என்று தூங்கி, 2025 மே 19 அன்று உத்தரவாக வந்தது. அவனுக்கு ஒரு வயது குறைந்தது. கம்பெனிப் பதிவிலும் மாறியதால், ஓய்வு பெறும் நாள் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று.

"நல்லதுதாங்க. கடன் அடைக்க அந்த வருஷமும் வேணும்" என்றாள் மனைவி.

மே 21 அன்று விண்ணப்பம் கொடுத்தான். அன்றைக்கும் விலை 74 இலட்சமே. முன்பணத்துக்குக் காசோலையும் இணைத்தான். வீட்டில் மூவரும் தபால் பெட்டிக்கு முறை வைத்துப் போய்வந்தார்கள்.

வந்த கடிதத்தை அப்பாவே உரக்கப் படித்தார். கடந்த நான்கு ஆண்டுகளில், முப்பத்தைந்து முடியுமுன் முன்பணத்தோடு விண்ணப்பித்தவர் ஒருவர் மட்டுமே. ஆகவே இனி நாற்பத்தைந்து வரை இளைஞராகக் கருதப்படும். இதனால் விண்ணப்பங்கள் குவியும் என்பதால் விலை 83 இலட்சமாகத் திருத்தப்படுகிறது. முன்பணம் 16,60,000. காசோலை திருப்பி அனுப்பப்படுகிறது.



"அந்த ஒருத்தர் யாருங்க?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"அப்ப என் மானத்தை வாங்காமலே இளைஞனா இருந்திருப்பியேடா" என்றார் அப்பா.

"விடுங்க மாமா. இன்னும் பத்து வருஷம் இவர் இளைஞர்தான். அதுக்குள்ள பிடிச்சிடலாம்."

"விலையையா, வயசையா?" என்று கேட்டுவிட்டு, மெக்கானிக் உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தான். அனுப்பியது ஜூலை 2. கைக்கு வந்தது 2025 ஜூலை 7, திங்கட்கிழமை. இந்த ஐந்து நாளில் விலை இன்னும் எவ்வளவு ஓடியிருக்குமோ?